ரம்பப் பெட்டியின் சாவி

மரக்கடையிலிருந்து வந்த குட்டியானை வண்டி பள்ளி வாசலில் நிற்கிறது. எட்டுக்கு நாலு பிளைவுட் பலகைகள் ஆறு. பதினெட்டு எம்.எம். கனம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 35 கிலோ. முன்னாள் மாணவர்கள் மூலைக்கு ஒருவராகப் பிடித்து இறக்கி வேப்பமரத்தடியில் சாய்த்து வைக்கிறார்கள். கையில் இருப்பது சனி, ஞாயிறு இரண்டு நாள்தான். திங்கள் காலை பிள்ளைகள் வரும்போது வகுப்பறையில் புத்தக அலமாரி நின்றாக வேண்டும். யாரோ வீட்டிலிருந்து ஒரு கட்டிங் மெஷினைக் கொண்டுவந்திருக்கிறார். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது: "யாருப்பா அறுக்கிறது?"

கூட்டத்தில் யார் துணிச்சல்காரரோ அவர் கைக்கு மெஷின் போய்விடுகிறது. அவர் அதற்கு முன் ஒரு பலகையையாவது அறுத்திருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை.

திண்டுக்கல்லிலும் ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் என்று சுற்றியிருக்கும் சமவெளி ஊர்களிலும் இப்படிப்பட்ட வேலைக்கு ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அரசுப் பள்ளிகளுக்கு ஊர்க்காரர்களும் முன்னாள் மாணவர்களும் கைகொடுக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தை அரசு தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏழு நாள் முகாம் போட்டு ஊர் வேலை பார்த்துவருகிறார்கள். டிசம்பர் பிறந்தால் தேவாலய இளைஞர்கள் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பலகை தேடுவார்கள். விநாயகர் சதுர்த்தி பந்தலுக்கும், அறிவியல் கண்காட்சிக்கும், ஆண்டு விழா மேடைக்கும் பிளைவுட் வேண்டும். கூலி வாங்காமல் விடுமுறையைக் கொடுத்து வேலை செய்ய வருகிறவர்கள் இவர்கள். இவர்கள் விரல் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்ற பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் எந்த அழைப்பிதழிலும் எழுதுவதில்லை.

'பவர் சா' என்றதும் நம்மூரில் பலருக்கும் நினைவுக்கு வருவது மரம் அறுக்கும் செயின் சாதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய பிறகு, டெல்டா மாவட்டங்களில் விழுந்துகிடந்த தென்னைகளை அந்த மெஷின்கள்தான் துண்டுபோட்டன. அதன் சத்தமே எட்ட நிற்கச் சொல்லும். கையடக்கக் கட்டிங் மெஷினுக்கு அந்தத் தோற்றம் கிடையாது. ஒரு சொம்பளவுக்கு இருக்கும். ஒரு கையால் தூக்கிவிடலாம். பார்த்ததும் பயம் வராது என்பதே அதில் உள்ள முதல் ஆபத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மூர் வேலைத்தளங்களில் பிளைவுட் அறுக்கப் பெரும்பாலும் புழங்குவது மரத்துக்கென்று செய்த மெஷினே அல்ல, மார்பிள் கட்டர். கல்லும் டைல்ஸும் அறுப்பதற்காக வந்தது. கல் அறுக்கும் பிளேடுக்குப் பல் இருக்காது. வைரத்துகள் பதித்த விளிம்பு கல்லைத் தேய்த்துக்கொண்டே போகும். அதைக் கழற்றிவிட்டு, பல் வைத்த நான்கு அங்குல மர பிளேடை மாட்டிவிட்டால் பிளைவுட் வெண்ணெய்போல் அறுபடுகிறது. விலையும் எடையும் குறைவு; அதனால் ஊரெங்கும் அதுதான். ஆனால் மரத்துக்கென்றே செய்த சர்க்குலர் சாவில் பிளேடின் கீழ்ப்பாதியை மூடிக்கொள்ள ஸ்பிரிங் வைத்த ஓர் உறை உண்டு. அறுக்கும்போது பலகை தள்ளத் தள்ள அது பின்வாங்கும். மெஷினைத் தூக்கியதும் படக்கென்று மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் மேல்பாதிக்கு மட்டும்தான் உறை. கீழே பிளேடு திறந்தே கிடக்கும். ஸ்விட்சை விட்டு மெஷினைக் கீழே வைத்த பிறகும் அது சில விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும்.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மார்பிள் கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்குக் குறையாமல் ஓடும். விநாடிக்கு 200 சுற்று. 110 எம்.எம். விட்டமுள்ள பிளேடின் விளிம்பில் இருக்கும் ஒரு பல், அந்த வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் ஓடுகிறது. திண்டுக்கல் சந்திப்பில் நின்று போகும் வந்தே பாரத் ரயில்கூட அந்த வேகத்தை எட்டாது. பிளேடில் 40 பல் என்றால் விநாடிக்கு 8,000 பற்கள் ஓர் இடத்தைக் கடக்கின்றன. சுட்டதும் கையை இழுத்துக்கொள்ள மனித உடலுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகிறது. அந்த நேரத்துக்குள் 1,600 பற்கள் போய்விடும். 'பட்டுன்னு கையை எடுத்துருவேன்' என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

கையில் பிடித்து அறுக்கும் மின் ரம்பத்தின் கதை கரும்புத் தோட்டத்தில் தொடங்கியது என்பது நெய்க்காரப்பட்டி வெல்லச் சந்தையைத் தெரிந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பக்கம், எட்மண்ட் மிஷெல் என்பவர் கூலியாட்கள் வெயிலில் அரிவாளை ஓங்கி ஓங்கிக் கரும்பு வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அரிவாளுக்கு ஒரு மோட்டார் வைத்தால் என்ன என்று தோன்றியது. மால்ட் பால் கலக்கும் மெஷினின் சின்ன மோட்டாரையும் இரண்டு அங்குல ரம்பத் தகட்டையும் ஓர் அரிவாள் பிடியில் பொருத்திப் பார்த்தார். அவரும் ஜோசப் சல்லிவன் என்பவரும் 1924-ல் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் 'ஸ்கில்சா' என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. அரிவாள் பிடித்துப் பழகிய கையின் வேலையை மெஷின் எடுத்துக்கொண்டது. ஆனால் அரிவாள் பிடிக்க இங்கே ஒரு பிள்ளை அப்பனோடு பல பருவம் வயலுக்குப் போய்த்தான் கற்றுக்கொண்டது. மெஷினுக்கு அந்தப் பருவங்களைக் கொடுக்க நமக்குப் பொறுமை இல்லை.

தொழிற்சாலைக்கு உள்ளே நிலைமை வேறு. மரவேலை மெஷின்களுக்கென்று தனி விதிகளை பிரிட்டன் 1922-லேயே எழுதிவிட்டது. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் மெஷினின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி போடச் சொன்னது. ஆபத்தான மெஷினில் இளம் வயதினரை நிறுத்துவதென்றால் அதன் ஆபத்துகளை முழுமையாக விளக்கியிருக்க வேண்டும், போதிய பயிற்சியோ அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையோ இருக்க வேண்டும் என்றது. வட்ட ரம்பம் ஓடும் பட்டறைக்கு விதிகள் இன்னும் நுணுக்கமாகப் போயின: பிளேடுக்குப் பின்னால் அதே கோட்டில் ஒரு மெல்லிய தகடு நிற்க வேண்டும், மேலே உறை வேண்டும், பலகையின் கடைசித் துண்டைக் கையால் தள்ளாமல் ஒரு கோலால் தள்ள வேண்டும். ஆனால் மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துத் தொழிலாளர்கள் இருந்தால்தான் அந்தச் சட்டம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. மூன்று பேர் வேலை பார்க்கும் தச்சுப் பட்டறைக்கே அது எட்டவில்லை. கூலியே வாங்காத தன்னார்வலர்கள் நிற்கும் பள்ளி வேப்பமரத்தடிக்கு எங்கே வரப்போகிறது? அங்கே விதியை எழுத வேண்டியவர், வேலையைக் கூட்டும் தலைமையாசிரியரோ, திட்ட அலுவலரோ, இளைஞர் குழுத் தலைவரோதான்.

எழுத முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. ஏழைகளுக்குத் தன்னார்வலர்களை வைத்தே வீடு கட்டும் 'ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி' அமைப்பு 1976-ல் தொடங்கியது. இந்தியாவில் 1983-லிருந்து வேலை செய்கிறது. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2006-ல் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பக்கத்தில் இவர்களோடு வந்து தங்கி, உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த தன்னார்வலர்களோடு சேர்ந்து 100 வீடுகள் கட்டும் வேலையில் நின்றார். அப்போது அவருக்கு 82 வயது. சொந்தமாக மேசை நாற்காலி செய்யும் அளவுக்குத் தச்சு வேலை தெரிந்தவர். செங்கல், சுத்தியல், சுரண்டுதகடு எதுவும் புதிய கைக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கும் இந்த அமைப்பு, அமெரிக்காவில் மின் கருவிகள் விஷயத்தில் மட்டும் கறாராக நிற்கிறது. கட்டுமானம் நடக்கும் இடத்துக்குப் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் வரக் கூடாது. 16, 17 வயதுக்காரர்கள் வரலாம், ஆனால் மின் ரம்பத்தைத் தொடக் கூடாது. அந்நாட்டுச் சட்டமும் வட்ட ரம்பத்தில் 18 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு அமர்த்தத் தடை போட்டிருக்கிறது. நம்மூர் மேல்நிலைப் பள்ளி முகாம்களுக்கு வரும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளின் வயது 16, 17 என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு விதியை அப்படியே எடுத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

கையால் கற்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் 1947-ல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்துக்கு, காந்தியின் ஆதாரக் கல்விதான் அடிப்படை. 1937-ல் வார்தாவில் வகுத்த அந்தக் கல்வியில் நூற்பு, நெசவு, விவசாயத்தோடு தச்சு வேலையும் பாடம். கருவி ஒவ்வொன்றாகத்தான் பிள்ளையின் கைக்கு வரும். ஒன்றில் கை படிந்த பிறகுதான் அடுத்தது. ராமச்சந்திரன் காந்திகிராமத்தில் வளர்த்த சாந்தி சேனை, கல்லூரிப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அழைத்துப்போய்ச் சேவை செய்யவைத்தது. நாட்டு நலப்பணித் திட்டமே 1969-ல்தான் வந்தது. அதற்கு முன்பே, சேவைக்குப் போகிறவனுக்கு ஒழுங்கும் பயிற்சியும் வேண்டும் என்று நினைத்த ஊர் இது.

இன்றும் ஐ.டி.ஐ.யில் தச்சர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. ஓராண்டு! தன்னார்வலருக்கு நாம் கொடுப்பது இரண்டு நிமிட விளக்கம்: "இந்தா, இந்த ஸ்விட்சை அமுக்கு, கோட்டு மேலயே போ."

கைதேர்ந்த ஆசாரி ஒருவர் பிளைவுட் அறுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், அறுக்கும் நேரத்தைவிட அறுப்பதற்கு முந்தைய நேரம்தான் அதிகம் என்பது தெரியும். முதலில் தரையைக் கூட்டுவார். பிறகு நான்கு ரீப்பர் கட்டைகளைச் சம உயரத்தில் கிடத்துவார். பலகையை அதன்மேல் வைப்பார். அறுக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு கட்டை, அந்தப் பக்கம் இரண்டு கட்டை. இந்த ஒரு காரியம்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். புதியவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர்: இரண்டு பெஞ்சுகளை இழுத்துப் போட்டு, பலகையின் இரண்டு முனைகளையும் அவற்றின் மேல் வைத்து, நடுவில் அறுப்பார்கள். பாதி போனதும் பலகை தன் பாரத்தில் நடுவில் தொய்யும். அறுத்த பிளவு மேல்பக்கம் நெருங்கி பிளேடை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். ஓடும் மோட்டார் என்ன செய்யும்? பிளேடு நகர முடியாததால் மெஷின் நகரும். அறுக்கிறவரை நோக்கிப் பின்னால் பாயும். ஆசாரிகள் இதை 'மெஷின் உதைக்குது' என்பார்கள். மாட்டுக்காரர் மாட்டின் உதையைச் சொல்லும் அதே சொல். உதை விழும் இடம் தொடை, வயிறு, அல்லது பலகையைப் பிடித்திருக்கும் இடது கை.

நான்கு கட்டை போட்டால் அறுபட்ட இரண்டு துண்டும் இருந்த இடத்திலேயே படுத்திருக்கும். கவ்வ வழியில்லை. கட்டை இல்லையா? இரண்டு அங்குல தெர்மோகோல் அட்டையைத் தரையில் போட்டு அதன்மேல் பலகையைக் கிடத்தி அறுக்கலாம். தெர்மோகோல் கொஞ்சம் அறுபடும், அவ்வளவுதான்.

அடுத்து ஆசாரி மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு பிளேடின் ஆழத்தைத் திருத்துவார். பிளேடு முழுசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்குப் பிடிக்காது. பலகைக்குக் கீழே மூன்று, நான்கு எம்.எம். எட்டிப் பார்த்தால் போதும். வெளியே தெரியும் பல் எவ்வளவு குறைவோ காயத்தின் ஆழமும் அவ்வளவு குறைவு. பிறகு அலுமினியப் பட்டை ஒன்றைக் கோட்டுக்கு இணையாக வைத்து இரண்டு முனையிலும் சி கிளாம்ப் போட்டு இறுக்குவார். இனி மெஷின் அந்தப் பட்டையை உரசிக்கொண்டே போகும், கோணலாகத் திரும்பாது. கோணலாகத் திரும்பினாலும் பிளேடு கவ்விக்கொள்ளும், மறுபடி உதைதான். அறுக்கும் கோட்டின்மேல் மாஸ்க்கிங் டேப் ஒட்டுவதும் உண்டு. பிளைவுட் என்பது மெல்லிய மரத் தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டியது. மேல்தாள் பிய்ந்து சிலும்பு எழாமல் டேப் தடுக்கும். சர்க்குலர் சாவின் பல் கீழிருந்து மேலாக அறுக்கும் என்பதால் நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுப்பார்கள்.

இவ்வளவும் முடிந்தபிறகு அவர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்க மாட்டார். ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார். இரண்டு கையும் மெஷின்மேல் இருக்கும். பலகையைப் பிடிப்பது கையின் வேலை இல்லை, கிளாம்பின் வேலை. பிளேடு முழு வேகம் பிடித்த பிறகே மரத்தைத் தொடும். பாதியில் மெஷினைப் பின்னுக்கு இழுக்க மாட்டார். நிறுத்த வேண்டுமென்றால் ஸ்விட்சை விட்டு, சத்தம் அடங்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார். ஸ்விட்சை விட்ட பிறகும் பிளேடு சில விநாடி ஓடும். அந்தச் சில விநாடியில்தான், வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதியில், புதியவரின் கை அறுபட்ட துண்டை எடுக்கப் போகிறது.

பெரும்பாலான மார்பிள் கட்டர்களில் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். அமுக்கினால் ஸ்விட்ச் ஆன் நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். விரல் வலிக்காமல் நெடுநேரம் அறுக்கலாம். நம்மூரில் அதற்கு இன்னோர் அர்த்தம் உண்டு. அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. மெஷின் நின்றுவிடுகிறது. எல்லோரும் டீ குடிக்கப் போகிறார்கள். யாரோ ஒரு பையன் பலகையை நகர்த்த, மேலே கிடக்கும் மெஷினைத் தூக்குகிறான். கரண்ட் வருகிறது. எந்தக் கையும் ஸ்விட்சைத் தொடாமலே பிளேடு சுற்ற ஆரம்பிக்கிறது. அந்தக் குமிழைத் தன்னார்வலர் இருக்கும் இடத்தில் தொடவே கூடாது. கரண்ட் போனதும் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது.

பிளக் என்றதும் இன்னொன்று. பிளக்கே இல்லாமல் ஒயரின் முனையைச் சீவி சாக்கெட்டில் செருகித் தீக்குச்சி வைத்து அடைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. வேலைக்கு நடுவில் அவசரமாகப் பிடுங்க முடியாத இணைப்பு அது. மூன்று பின் பிளக்கும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே விழும் ஆர்.சி.சி.பி. இருக்கும் லைனும் இல்லாத இடத்தில் மெஷினை ஓட்டவே வேண்டாம். ஒயர் எப்போதும் தோளுக்குப் பின்னால் போகட்டும். பிளேடின் பாதையில் கிடக்கக் கூடாது.

உடையைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வேட்டி, துப்பட்டா, தொங்கும் பின்னல், கழுத்து மாலை, மணிக்கட்டில் கோயில் கயிறு, காப்பு எதுவும் சுற்றும் பிளேடுக்குப் பக்கத்தில் வரக் கூடாது. விரதக் காலத்தில் மாலையைக் கழற்ற முடியாதவர் அன்றைக்கு உப்புத்தாள் போடும் வேலையை எடுத்துக்கொள்ளலாம், அதுவும் சேவைதான். துணிக் கையுறை பாதுகாப்பு என்று நினைப்பது தவறு: ஒரு நூல் பல்லில் மாட்டினால் கையுறை கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கண்ணாடி, காது அடைப்பான், முகக்கவசம், மூடிய காலணி இவை நான்கும் வேண்டும். முகக்கவசம் சும்மா சம்பிரதாயத்துக்கு அல்ல. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் உலக அளவிலான புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சேர்த்திருக்கிறது; பிளைவுட் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடும் அதே பட்டியலில் உள்ளது. ஒருநாள் வேலையில் ஒன்றும் ஆகிவிடாது என்றாலும், மூக்கருகில் பறக்கும் அந்தப் பொடியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை? மெஷின் ஓடும்போது அறுக்கிறவர் ஒருவர், பிளக் பக்கத்தில் ஒருவர். மற்றவர்கள் பத்தடி தள்ளி.

விரல் அறுபடாமலிருக்க மேற்கே மெஷினிலேயே ஒரு தீர்வு கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மேசை ரம்பங்களால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் காயத்தோடு அவசரச் சிகிச்சைக்கு வருகிறார்கள். இயற்பியலும் சட்டமும் படித்த ஸ்டீவ் காஸ் என்பவர் 1999 வாக்கில் 'சா ஸ்டாப்' என்ற அமைப்பைக் கண்டுபிடித்தார். பிளேடில் ஒரு மெல்லிய மின் சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். ஈரமுள்ள மனிதத் தோல் பட்டதும் அது மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பல்லுக்குள் புதைந்து, ஐந்து மில்லி விநாடிக்குள் பிளேடை நிறுத்திவிடும். கை தப்பும், பிளேடு பாழாகும். இதற்கு நேர்மாறாக, நம்மூர் பட்டறைகளில் மார்பிள் கட்டரைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு பலகையின் அடியில் திருகி, மேலே பிளேடு எட்டிப் பார்க்கும்படி செய்துகொள்ளும் 'டேபிள் கட்டர்' ஒன்று உண்டு. அதில் உறையும் இல்லை, பின்தகடும் இல்லை, நிறுத்த ஸ்விட்ச் கைக்கெட்டும் இடத்திலும் இல்லை. அனுபவப்பட்ட தச்சர்களே விரல் இழந்திருக்கும் கருவி அது. தன்னார்வலர் அதன் பக்கமே போகக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று நடந்துவிட்டால், அடுத்த பத்து நிமிடம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். வெட்டுக்காயத்தில் காபித்தூளோ மஞ்சளோ அப்ப வேண்டாம். பிறகு மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கவே நேரமாகும். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிவைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டைத் தேடி எடுத்து, சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் வைத்த இன்னொரு பைக்குள் வைக்க வேண்டும். விரலை நேரடியாக ஐஸிலோ தண்ணீரிலோ போட்டால் திசு கெட்டுப்போகும். திண்டுக்கல் அரசுத் தலைமை மருத்துவமனை 2022-லிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அறுந்த விரலை ஒட்டவைக்கும் நுண் அறுவைச் சிகிச்சையில் தமிழ்நாட்டுக்குப் பழைய பெருமை உண்டு: சென்னை ஸ்டான்லியில் 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். கோவை கங்கா மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவுக்கு உலகெங்கிலிருந்தும் மருத்துவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து கோவை மூன்று மணி நேரப் பயணம். துண்டைச் சரியாகக் குளிர்வித்துக் கொண்டுபோனால் அந்த மூன்று மணி நேரம் தாங்கும்.

அந்தப் பயணமே வேண்டாம் என்பதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. அலமாரி செய்வதில் அறுப்பது சின்னப் பகுதி. அளவுகளை முதலிலேயே ஒரு தாளில் எழுதி, பிளைவுட் வாங்கும்போதே மரக்கடையிலோ பக்கத்து அறுவைப் பட்டறையிலோ துண்டு போட்டு வாங்கிவிடலாம். கூலி கொஞ்சம்தான் ஆகும். பள்ளிக்கு வருவது அறுத்த துண்டுகளாக இருந்தால் மீதி வேலை எல்லாக் கைகளுக்கும் ஏற்ற வேலை: உப்புத்தாள் தேய்ப்பது, ஃபெவிகால் தடவுவது, துளையிட்டுத் திருகு போடுவது, பிரைமர் அடிப்பது, புத்தகங்களைத் துடைத்து அடுக்குவது. அங்கே ஒன்றிரண்டு அறுக்க வேண்டியிருந்தால் கை ரம்பம் போதும். கை ரம்பத்தில் வெட்டுப் பட்டாலும் தையலோடு போகும். மெஷின்தான் வேண்டும் என்றால், ஊர் ஆசாரி ஒருவரை அன்றைக்குக் கூலி கொடுத்தே அழைக்க வேண்டும். அவரது ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது.

பெரிய தொழிற்சாலைகளில் மெஷினைப் பழுது பார்க்கும்போது மின்சார ஸ்விட்சின்மேல் ஒரு பூட்டுப் போடுவார்கள். பூட்டியவர் வந்து திறக்கும்வரை வேறு யாரும் கரண்ட் கொடுக்க முடியாது. திண்டுக்கல்லின் நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் தலைமுறை தலைமுறையாக அரத்தால் ராவி ராவிப் பூட்டுச் செய்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு இது. பள்ளி வேலைக்கும் அதே வழி போதும்: ஒரு மரப்பெட்டி, அதற்கு ஒரு மாங்காய்ப் பூட்டு, ஒரே ஒரு சாவி. மெஷினும் பிளேடுகளும் உள்ளே. சாவி யாரிடம் இருக்கும் என்பதைப் பிளைவுட் வாங்கப் போகும் முன்பே பேசி முடித்து, அந்தப் பெயரைத் தாளில் எழுதி, தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவிடலாம்.

வேப்பமரத்தடியில் அப்படி ஒரு சனிக்கிழமை எப்படி இருக்கும்? காலை ஒன்பது மணிக்கு ஆசாரி வந்து பெட்டியைத் திறக்கிறார். பதினோரு மணிக்குள் எல்லாப் பலகையும் துண்டாகிவிடுகிறது. பிளக்கைப் பிடுங்கி, பிளேடு ஆறும்வரை காத்திருந்து, ஒயரைச் சுருட்டி, மெஷினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார். சாவி அவர் இடுப்புக் கயிற்றில். "தம்பிகளா, இனி வாங்க" என்று கூப்பிட்ட பிறகுதான் பத்தடி தள்ளி நின்றிருந்த கூட்டம் பலகைகளுக்குப் பக்கத்தில் வருகிறது, கையில் ஆளுக்கு ஒரு உப்புத்தாளோடு.